முதல் பத்து மீட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். செபராங் பிறைப் பக்கம் ஒரு பொழுதுபோக்குக் காடு, பெயர் வேண்டாம். காலையிலேயே நாசி லெமாக் கட்டி, பாய், மாற்றுத்துணி, பிள்ளைகளுக்கு மிதவை எல்லாம் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பினோம். அம்மாவுக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. மூன்று வருடத்துக்கு முன்னால் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் ஆற்றுப்பக்கமே போனதில்லை.

காரை விட்டு இறங்கினால் தண்ணீர்ச் சத்தம் காதில் விழுகிறது, அவ்வளவு பக்கம். ஆனால் நுழைகிற இடத்தில், மோட்டார் சைக்கிள் உள்ளே போகாமலிருக்க இரும்புக் குழாய்களை வளைத்து நட்டிருக்கிறார்கள். நம்மால் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு நுழைந்துவிட முடியும். வீல்சேர் நுழையாது. என் மனைவி துணி தைப்பவர், கைப்பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். எடுத்து அளந்தார். குழாய்களுக்கு நடுவே 52 சென்டிமீட்டர். அம்மாவின் நாற்காலி 63.

காவலுக்கு இருந்த பாக் சிக், ஒரு மலாய்க்காரப் பெரியவர், ஓடி வந்தார். நல்ல மனிதர். சாவி ஏதாவது உண்டா என்று கேட்டேன். குழாயைக் காட்டினார்: பூட்டே கிடையாது, சிமெண்டில் வைத்துப் பூசியிருக்கிறது. நாற்காலியை மடக்கி, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை பேர் பார்க்கத் தன்னைத் தூக்குவது அவருக்குப் பிடிக்காது. "நீங்க போயிட்டு வாங்கய்யா, நான் காருலயே ஒக்காந்திருக்கேன். புள்ளைங்க ஆசையா வந்திருக்குங்க" என்றார்.

நிபோங் திபால் பக்க ரப்பர் தோட்டத்தில் 27 வருடம் பால்மரம் வெட்டியவர் என் அம்மா. விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடி கொசுக்கடியோடு மரம் மரமாக மேடு ஏறி இறங்கி நடந்தவர். எந்தப் புதரில் பாம்பு கிடக்கும், எந்த மேகம் மழையாகும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கார் கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு ஆற்றுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சாப்பாட்டைப் பிரித்து காருக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டோம்.

இதை எழுதுவதற்குக் காரணம், நம்மில் பலர் இந்த விஷயத்தைத் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்பதுதான். "வீல்சேரில் இருக்கிறவங்களுக்குக் காடு மலை எல்லாம் எதுக்கு, மலையைச் சமமாக்கவா முடியும்?" என்று கேட்கிறார்கள். மலையைச் சமமாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் இடிக்கச் சொல்லவில்லை. அம்மாவும் தைப்பூசத்தன்று அடிவாரத்தில் இருந்தபடி கையெடுத்துக் கும்பிட்டுக்கொள்கிறார். எங்களைத் தடுத்து நிறுத்துவது மலையே இல்லை. கார் நிறுத்துமிடத்திலிருந்து பாதை தொடங்கும் வரைக்கும் உள்ள முதல் பத்து மீட்டர்தான். அங்கே ஒரு குழாய், ஒரு படி, மூடாத ஒரு சாக்கடை, கொட்டிவிட்ட ஜல்லி. வீல்சேரின் பின்சக்கரம் பெரியது, சின்ன மேடுபள்ளத்தை ஏறிவிடும். முன்சக்கரம் சின்னது, உதிரி ஜல்லியில் புதைந்து நின்றுவிடும். அதே பாதையில் நைசான கல்தூளைப் போட்டு இறுக்கி உருட்டியிருந்தால் ஒரு கையாலேயே தள்ளிக்கொண்டு போகலாம்.

சரிவுப்பாதைக்கு 12-க்கு 1 என்று ஒரு கணக்கு உண்டு. 15 சென்டிமீட்டர் உயரப் படி ஒன்றுக்கு 180 சென்டிமீட்டர் நீளச் சரிவு, அதாவது ஆறடி. கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. கழிப்பறை அடுத்தது. ஓ.கே.யு., அதாவது மாற்றுத்திறனாளி கழிப்பறை என்று படம் போட்டிருப்பார்கள், திறந்தால் உள்ளே வாளியும் துடைப்பமும் அடுக்கிக் கிடக்கும். அம்மா எங்காவது வெளியே கிளம்புகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, பொது இடங்களுக்குப் போகும் உரிமையைச் சொல்கிறது. 32-ஆம் பிரிவு ஓய்வு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றைத் தனியாகவே சொல்கிறது. 2010-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. ஒப்பந்தத்தையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டத்தில், செய்யாதவர்களுக்குத் தண்டனை என்று ஒன்று இல்லை. அதனால்தான் அந்தக் குழாயைச் சிமெண்ட் வைத்துப் பூசும்போது யாரும் யோசிக்கவில்லை.

முடியாது என்று சொல்கிறவர்களை நான் பினாங்கு மலைக்குக் கூப்பிடுவேன். 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அங்கே உண்டு. 2011-இல் புது ரயில் வந்தபிறகு நடுவில் இறங்கி மாறவும் வேண்டியதில்லை. போன வருடம் அம்மாவைக் கூட்டிப்போனோம். மேலே எல்லா இடமும் சமதளம் இல்லைதான், சில சரிவுகளில் நானும் மச்சானும் சேர்ந்துதான் தள்ளினோம். ஆனாலும் அம்மா வேலி ஓரம் உட்கார்ந்து கடலுக்கு அந்தப்பக்கம் கையை நீட்டி, "அதோ, அங்கதான்டா நம்ம தோட்டம்" என்று காட்டினார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவும் அப்படித்தான். 1884-இல் உருவான இடம், தார் போட்ட பாதை. மாதத்துக்கு ஒருமுறையாவது போகிறோம்.

இங்கிலாந்தில் வயல்வெளிப் பாதைகளில் மாடு தாண்டாமலிருக்க மரப்படி வைத்த வேலிகள் உண்டு. இப்போது அங்கே முறை என்னவென்றால், முதலில் வெறும் இடைவெளி விட முடியுமா என்று பார்க்கவேண்டும். முடியாவிட்டால் திறந்து மூடும் கதவு. படிவேலி கடைசியில்தான். லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் படிவேலி இல்லாத பாதைகளை மூன்று தரமாகப் பிரித்து அறிவித்திருக்கிறார்கள்: எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கும். எனக்கு அதில் பிடித்தது அந்த நேர்மை. எங்கே முடியும், எங்கே முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், வீட்டிலிருந்து கிளம்பும்போதே நாங்கள் முடிவு செய்துகொள்வோம். நம் ஊரில் மோட்டாரைத் தடுக்கவேண்டியது அவசியம்தான், மறுக்கவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு சின்னக் கதவு வைத்து, சாவியை அந்தப் பாக் சிக்கிடம் கொடுத்திருந்தால் போதும்.

இது என் அம்மா ஒருவருடைய கதை என்று நினைக்காதீர்கள். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர். நம் இந்தியர்களிடையே இன்னும் அதிகம். எல்லோர் வீட்டிலும் மூட்டுவலிக்காரர் ஒருவர் உண்டு. அவர்களும் நாற்காலியோடு வருகிறவர்களும் தேடுவது ஒரே பாதையைத்தான்.

அதனால் நண்பர்களே, கோயில் நிர்வாகத்திலோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ இருக்கிறவர்கள் குடும்ப தினத்துக்கு இடம் பார்க்கும்போது அந்த முதல் பத்து மீட்டரை நடந்து பார்த்துவிட்டு இடத்தை உறுதி செய்யுங்கள். மனைவி நாடாவால் அளந்த அந்த 52 சென்டிமீட்டரைப் படம் எடுத்து ஊராட்சி மன்றத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே சொல்கிறேன்.

அப்புறம் ஓர் உதவி. புக்கிட் மெர்தாஜாம், கூலிம் பக்கம் வீல்சேர் தண்ணீர் ஓரம் வரைக்கும் போகிற ஆறு எங்காவது இருந்தால் கீழே எழுதுங்கள். நுழைவாயில், கழிப்பறை, கரை மூன்றையும் படம் பிடித்துப் போட்டால் இன்னும் நல்லது. எத்தனை படி என்று மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கு இருக்கிற ஒரு காலைத் தண்ணீரில் வைக்கவேண்டுமாம்.