டிக்ஸ்வில் நாட்ச்: அந்த 100 சதவீதம் எப்படி வருகிறது?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள சிற்றூரான டிக்ஸ்வில் நாட்ச் எப்போதும் ஜனநாயகக் கட்சியின் கோட்டை, 100 சதவீத வாக்குப்பதிவே அதன் அரசியல் விழிப்புக்குச் சாட்சி என்று சொல்வது தவறு. 1960 அதிபர் தேர்தலில் அங்கே நள்ளிரவு வாக்குப்பதிவு தொடங்கியபோது குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு 9 ஓட்டு, ஜனநாயகக் கட்சியின் கென்னடிக்கு ஒன்றுகூட இல்லை. 2008-ல் ஒபாமா 15-6 என்று வென்றார், 2012-ல் 5-5, 2020-ல் பைடனுக்கு 5-0, அப்புறம் 2024-ல் ஹாரிஸ், டிரம்ப் இருவருக்கும் தலா 3. இதில் கோட்டை எங்கே இருக்கிறது? ஆறு பேர் ஓட்டுப் போடும் ஊரில் ஒரே ஒருவர் மனம் மாறினாலே 17 சதவீதம் நகர்ந்துவிடும்.

100 சதவீதம் என்பதும் சரி, ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் சட்டப்படி இப்படிப்பட்ட சிற்றூர்களில் பதிவுசெய்த எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்தால்தான் உடனே எண்ணி முடிவு சொல்ல முடியும், அதனால் அனைவரும் வருவதே அந்த ஏற்பாட்டின் நிபந்தனை. தயவுசெய்து இதைப் பெரிய ஊர்களின் சதவீதத்தோடு ஒப்பிடாதீர்கள்.