பிப் காசைப் பார்க்காது, பிறந்த நாளைப் பார்க்கும்

லண்டனில் எங்கட ஆட்கள் மத்தியில் ஒரு கதை பல வருடமாகச் சுற்றுகிறது. "வீடு வாங்கியிருக்கிறீங்கள், மனுசி வேலைக்குப் போறா, உங்களுக்கு டிஸபிலிட்டி பெனிபிட் ஒண்டும் தரமாட்டாங்கள்." கோயிலில் அன்னதான வரிசையில் யாரோ சொல்வார். கேட்டவர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவார். ஃபோம் நிரப்ப என்னிடம் வருகிறவர்களில் பலர் உட்காருவதற்கு முன்பே கேட்பது, "தம்பி, என்ர சேமிப்பைக் காட்ட வேணுமோ?"

பிப் (Personal Independence Payment) என்பது வருத்தத்தாலோ உடற்குறையாலோ சிரமப்படுகிறவர்களுக்கு அரசு கொடுக்கும் பணம். அதற்குக் காட்டத் தேவையில்லை. வங்கியில் 500 பவுண்ஸ் இருந்தாலும் சரி, 5 இலட்சம் இருந்தாலும் சரி, அது கேட்காது. வேலைக்குப் போய்க்கொண்டே எடுக்கலாம். மனைவியின் சம்பளம் கணக்கில் இல்லை, பிப் பணத்துக்கு வரியும் இல்லை. சமைக்க, குளிக்க, உடுக்க, வெளியே நடக்க எவ்வளவு சிரமம் என்பதைத்தான் அது பார்க்கிறது. 2025-26இல் அன்றாடப் பகுதிக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்ஸ், நடமாட்டப் பகுதிக்கு 29.20 அல்லது 77.05. ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு இதற்குப் பதிலாக வேறு பெயரில் அவர்களுடைய அரசே கொடுக்கிறது.

காசைப் பார்ப்பது யூனிவர்சல் கிரெடிட், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப் பணம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இத்தனை பேர் பிப்பை இழக்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் சேமிப்பு 6,000 வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்ஸுக்கும் மாதம் 4.35 வெட்டுவார்கள். 15,900 வைத்திருப்பவருக்கு மாதம் 174 பவுண்ஸ் குறையும். 16,000ஐத் தாண்டினால் ஒரு சதமும் இல்லை. வாடகை உதவியும் போகும், வருத்தக்காரருக்குக் கொடுக்கும் மேலதிகப் பகுதியும் போகும். தனி ஆளுக்கும் 16,000, புருசன் பெண்சாதி இருவருக்கும் சேர்த்தும் அதே 16,000. 2013இல் யூனிவர்சல் கிரெடிட் தொடங்கியபோது இருந்த தொகைதான் இன்றும். அன்றைய வாடகையையும் இன்றைய வாடகையையும் நினைத்துப் பாருங்கள்.

சீட்டுப் போட்டு, மகளின் கல்யாணத்துக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த குடும்பம் இந்தக் கோட்டில் வந்து இடிபடும். சம்பளம் முழுவதையும் செலவழித்தவருக்கு ஒன்றும் ஆகாது. சேமிப்பைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பவுண்ஸ் கூடினால் எல்லாம் போய்விடும் என்பதுதான் பிழை.

அப்புறம் ஊர்க் காணி. இதைப் பற்றி யாரும் வெளியே கதைப்பதில்லை. கொக்குவிலிலோ சாவகச்சேரியிலோ இருக்கும் காணி உறுதியில் உங்கள் பெயர் இருந்தால், அது யூனிவர்சல் கிரெடிட்டுக்கு உங்கள் சொத்து. வெளிநாட்டில் இருக்கிறது என்று விலக்கு இல்லை. அங்குள்ள சந்தை விலையை எடுத்து, விற்கச் செலவாகும் என்றால் பத்து வீதம் கழித்து, அதன்மேல் கடன் இருந்தால் அதையும் கழித்து மதிப்பிடுவார்கள். ஆனால் அந்தக் காணியிலுள்ள வீட்டில் அம்மா குடியிருந்து, அவருக்குப் பென்சன் வயது தாண்டியிருந்தால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நல்ல விதிதான். அம்மா கண்ணை மூடியதும் அந்த விலக்கும் முடிந்துவிடும். அந்தியேட்டி முடித்து விமானம் ஏறி வருகிறவருக்கு, இதை உடனே பெனிபிட் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று தோன்றுமா? விற்க முயற்சி செய்துகொண்டிருந்தால் ஆறு மாதமாவது அவகாசம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பங்காளிகள் எல்லாம் கையெழுத்து வைத்து ஒரு காணி ஆறு மாதத்தில் விலைப்பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.

"அப்ப தம்பியின்ர பேரில மாத்தி எழுதிவிடுங்கோ" என்று ஆலோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பெனிபிட் எடுப்பதற்காகக் கைமாற்றினால், அந்தச் சொத்து இன்னும் உங்களிடமே இருப்பதாகத்தான் கணக்குப் போடுவார்கள். நீங்கள் குடியிருக்கும் வீடு கணக்கில் வராது. தாலிக்கொடியும் காப்பும் சொந்தப் பாவனைப் பொருள், அவையும் வராது. சேமிப்பைக் குறைத்துக் காட்டுவதற்காகவே நகை வாங்கினால் அது வேறு கதை.

இவ்வளவு சொன்னாலும், காசு பார்க்கிற விதியைவிட எனக்குக் கோபம் வருவது வயது பார்க்கிற விதியில்தான்: பென்சன் வயது வந்த பிறகு பிப்பைப் புதிதாகக் கேட்க முடியாது. காசு விதி தெரிந்தால் அதற்கேற்றபடி நடந்துகொள்ளலாம். வருத்தம் எந்த வயதில் வரும் என்று யாரால் திட்டமிட முடியும்?

ஒரே தெருவில் இரண்டு பேர் என்று வையுங்கள். ஒருவருக்கு 65 வயதில் பாரிசவாதம், மற்றவருக்கு 68இல். இருவருக்கும் இடது கால் இழுபடுகிறது, இருபது மீட்டருக்கு மேல் நடக்க முடியாது. முதலாமவர் பென்சன் வயதுக்கு முன் பிப் எடுத்துவிட்டார். இரண்டு பகுதியும் உயர்ந்த விகிதத்தில் என்றால் 2025-26இல் வாரம் 187.45. நடமாட்டப் பணத்தைக் கொடுத்து, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கான மோட்டபிலிட்டி திட்டத்தில் வாடகைக்குக் கார் எடுக்கலாம். பென்சன் வயது வந்த பிறகும் அது தொடரும். இரண்டாமவருக்குப் பிப் இல்லை, பென்சன் வயதைத் தாண்டியவர்களுக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் மட்டும். அதிலும் சேமிப்பைப் பார்ப்பதில்லை, ஆனால் 2025-26இல் ஆகக் கூடியது 110.40தான். நடமாட்டப் பகுதியே அதில் கிடையாது. குளிக்க, உடுக்க, சாப்பிட, இரவில் எழும்ப உதவி வேண்டுமா என்று பார்க்கும் அந்த விதிக்கு, அவரால் பஸ் தரிப்பு வரை நடக்க முடியுமா என்பது ஒரு பொருட்டே இல்லை. வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 பவுண்ஸ் வித்தியாசம், பிந்தி வருத்தம் வந்த குற்றத்துக்கு.

பிப் எடுக்கிறவர்களுக்கும் இதில் ஒரு பொறி உண்டு. என் மாமிக்கு மூட்டு வாதம். 63 வயதில் அன்றாடப் பகுதி மட்டும் கிடைத்தது, அப்போது ஓரளவு நடந்தார். இப்போது 69, வாசலில் இருந்து கார்க் கதவு வரை போக இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிறார். ஆனால் பென்சன் வயதுக்குப் பிறகு நடமாட்டப் பகுதியைப் புதிதாகச் சேர்க்க முடியாது. குறைந்த விகிதத்தில் இருப்பவரை உயர்த்தவும் முடியாது. அதே வயதுக்குப் பின் அன்றாடப் பகுதியைக் கூட்டிக் கேட்கலாமாம். கை மோசமானால் ஏற்றுக்கொள்ளும் சட்டம், கால் மோசமானால் ஏற்காது.

வயதானால் எல்லோருக்கும் நடை தளரும், எல்லோருக்கும் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். எல்லோருக்கும் கேட்கவில்லை. இருபது மீட்டர் நடக்க முடியாதவருக்குக் கேட்கிறோம். 1980களிலும் 1990களிலும் வந்து, பெட்ரோல் ஷெட்டிலும் கடையிலும் இரவு இரவாக நின்று வேலை செய்த தலைமுறையின் முழங்கால்கள் இப்போதுதான் விடைபெறுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், அதே பென்சன் வயது சேமிப்பு விசயத்தில் திடீரென்று தாராளமாகிவிடும். வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்சன் கிரெடிட்டில் 10,000 வரை கணக்கில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண்ஸ் வருமானம் என்று எடுப்பார்கள், மேல் எல்லை இல்லை. 17,000 வைத்திருக்கும் 65 வயதுக்காரருக்கு யூனிவர்சல் கிரெடிட் பூச்சியம். பென்சன் வயது வந்ததும் அதே 17,000ஐ வாரம் 14 பவுண்ஸ் வருமானமாக மட்டும் பார்ப்பார்கள். முதியவருக்கு இப்படிப் படிப்படியாகக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு, நடக்க முடியாத நாற்பது வயதுக்காரருக்குக் கழிக்கத் தெரியாதா?

அந்தத் தாராளமும் எங்கட வீடுகளுக்குப் பாதிதான் வரும். புருசனுக்கும் பெண்சாதிக்கும் எட்டு, பத்து வயது வித்தியாசம் எங்களிடம் சாதாரணம். 2019 மே மாதத்திலிருந்து, புதிதாக விண்ணப்பிக்கும் தம்பதியில் இருவருமே பென்சன் வயதை அடைந்தால்தான் பென்சன் கிரெடிட். புருசனுக்கு 67, அவருக்குச் சமைத்துப் போடும் மனைவிக்கு 58 என்றால், மனைவிக்கு வயது வரும்வரை அதே யூனிவர்சல் கிரெடிட், அதே 16,000. அவரைப் பராமரிப்பதற்கு மனைவி கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்துக்கொண்டு பகுதிநேர வேலைக்கும் போனால் இன்னொரு கோடு காத்திருக்கிறது. 2025-26இல் வாரம் 196 பவுண்ஸுக்கு மேல் உழைத்தால் அந்த வாரத்து 83.30 முழுவதும் போகும்.

66 ஆக இருந்த பென்சன் வயது, 2026 முதல் 2028க்குள் படிப்படியாக 67 ஆகிறது. உங்களுக்கு எந்தத் தேதி என்பதை அரசாங்க இணையத்தளத்தில் பிறந்த தேதியைப் போட்டால் காட்டும். 64, 65 வயதில் இருந்து, மூன்று மாதமாகச் சிரமப்பட்டு, இன்னும் ஒன்பது மாதமாவது அது நீடிக்கும் என்றால், வைத்தியரின் கடிதம் வரட்டும் என்று காத்திராமல் முதலில் தொலைபேசியில் அழைத்துப் பிப் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள். ஃபோமை அனுப்ப ஒரு மாதம் தருவார்கள். காலத்தோடு அனுப்பினால், நீங்கள் அழைத்த நாளைத்தான் விண்ணப்பித்த நாளாக எடுப்பார்கள்.