நவம்பர் சம்பளமும் பழைய புத்தாண்டும்

(வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃபில் ஓர் அலுவலகம். இவானின் ஊர் அதே நாட்டில் பென்புரோக்‌ஷயர் மாவட்டத்தில் இருக்கும் கும் குவைன் பள்ளத்தாக்கு.)

மேலாளர்: இவான், ஜனவரி 13-க்கு லீவு கேட்டிருக்கிறீர்கள். காரணம் என்ற இடத்தில் ‘புத்தாண்டு’ என்று எழுதியிருக்கிறதே?

இவான்: ஆமாம் மேடம்.

மேலாளர்: புத்தாண்டு முடிந்துவிட்டதே.

இவான்: கார்டிஃபில் முடிந்திருக்கும். எங்கள் கும் குவைனுக்கு இன்னும் வரவில்லை.

மேலாளர்: ஏன், பென்புரோக்‌ஷயர் பஸ் லேட்டா?

இவான்: 1752-ல் அரசாங்கம் நாட்காட்டியை மாற்றியது மேடம். செப்டம்பர் 2, புதன்கிழமை படுத்தவர்கள் 14, வியாழக்கிழமை எழுந்தார்கள். நடுவில் 11 நாள் காணோம். மற்ற ஊர்க்காரர்கள் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மேலாளர்: 270 வருடத்துக்கு மேல் ஆகிறது!

இவான்: என்ன அவசரம்?

மேலாளர்: சரி, 11 நாள் என்றால் 12-ம் தேதிதானே வர வேண்டும்? 13 எப்படி?

இவான்: பழைய கணக்கில் 1800 லீப் வருடம், புதுக் கணக்கில் இல்லை. அதில் ஒரு நாள் கூடிவிட்டது.

மேலாளர்: அப்படியானால் 1900-க்கும் ஒன்று கூடி 14 ஆகியிருக்குமே!

இவான்: அந்த ஒரு நாளை அரசாங்கத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

மேலாளர்: எங்கள் பட்டியலில் கல்யாணம், சாவு, பல்வலி மூன்றுதான் இருக்கிறது. ‘ஹென் காலன்’ இல்லை.

(காலன் என்றதும் நம் ஆட்கள் எருமையைத் தேட வேண்டாம். வெல்ஷ் மொழியில் அது பழைய புத்தாண்டு.)

இவான்: காலையில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு வருவார்கள். காலெனிக் கொடுக்க வேண்டும். மிட்டாய், சில்லறை, அவ்வளவுதான். வீடு பூட்டியிருந்தால் ஊர் என்ன பேசும்?

மேலாளர்: வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வாருங்களேன்.

இவான்: பாட்டை யார் கேட்பது, தட்டா?

மேலாளர்: பல்வலி என்று போட்டுவிடட்டுமா?

இவான்: வேண்டாம்.

மேலாளர்: குதிரை மண்டையோட்டைக் கம்பில் செருகி, வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வருவார்களே, அதுவும் உங்கள் ஊர்தானா?

இவான்: மரி லூயிடா? அது கிளாமார்கன் பக்கம். கதவுக்கு வெளியே ஒரு கூட்டம், உள்ளே வீட்டுக்காரர். இரண்டு பக்கமும் பாட்டிலேயே சண்டை போடுவார்கள். வீட்டுக்காரர் தோற்றால் கதவைத் திறந்து கேக்கும் பீரும் தர வேண்டும். இப்போது நான் உங்கள் கதவில் செய்துகொண்டிருப்பதும் அதுதான். பாட்டு மட்டும் வராது.

மேலாளர்: பல்வலி?

இவான்: மேடம், நவம்பர் சம்பளம் டிசம்பர் 12-ம் தேதி வந்ததே, அது எந்த நாட்காட்டி?

மேலாளர்: ...கணினிக் கோளாறு.

இவான்: கோளாறெல்லாம் இல்லை. நீங்களும் பழைய கணக்கு ஆட்கள்தான். நாங்கள் பண்டிகைக்கு வைத்திருக்கிறோம், நீங்கள் சம்பளத்துக்கு வைத்திருக்கிறீர்கள்.

மேலாளர்: லீவு கொடுத்தாயிற்று. ஆனால் எதையாவது போடாமல் இந்தப் படிவம் நகராது. பல்வலிதான்.

இவான்: இருக்கட்டும் மேடம். வீட்டில் இரண்டு கிலோ மிட்டாய் இருக்கிறது.