புதுப் பாலம் வந்ததும் பழைய பாலத்தைக் கைகழுவலாமா?

பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில் இருக்கிற பழைய காவிரிப் பாலத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு கேள்வி வந்துவிடும். "அதான் புதுசு இருக்குதுங்களே, இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" ஈரோடு, பள்ளிபாளையம் பக்கமும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். கேட்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. வேலைக்கும் கல்லூரிக்கும் தினமும் ஆற்றைத் தாண்டுகிறவர்களுக்குச் சீக்கிரம் அக்கரை சேர்ந்தால் போதும். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் மோஸ்தார் ஊரின் கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மோஸ்தார் தென்கிழக்கு ஐரோப்பாவில், போஸ்னியா நாட்டில் இருக்கிறது. ஊர் நடுவே நெரெத்வா ஆறு ஓடுகிறது. அங்கே முதலில் இருந்தது சங்கிலியில் தொங்கிய ஒரு மரப்பாலம். கால் வைத்தால் ஆடும், சனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடந்தார்கள். அப்போது அந்த நாடு துருக்கிய உதுமானியர் ஆட்சியில் இருந்தது. சுல்தான் சுலைமான் காலத்தில், 1557இல், கல்லால் பாலம் கட்ட ஆணை வந்தது. 1566இல் வேலை முடிந்தது. நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால் தலைக்கோட்டைப் போர் நடந்த மறு ஆண்டு. கட்டியவர் மிமார் ஹைருத்தீன், புகழ்பெற்ற உதுமானியக் கட்டடக் கலைஞர் சினானின் மாணவர்.

அந்தப் பாலத்துக்கு ஆற்றில் ஒரு தூண்கூடக் கிடையாது. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரே வளைவு. குறுக்களவு 29 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது பாலத்தின் உச்சி 20 மீட்டருக்கு மேல் உயரத்தில் நிற்கும். அகலம் என்னவோ நாலு மீட்டர்தான். அந்த ஊரில் இன்றும் சொல்கிற ஒரு கதை உண்டு. பாலம் நிற்காவிட்டால் தலை போகும் என்று சுல்தான் சொல்லிவிட்டாராம். சாரத்தைப் பிரிக்கிற நாளன்று ஹைருத்தீன் தன் குழியைத் தானே வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாராம். கதை உண்மையோ இல்லையோ, அந்தப் பயம் உண்மை. வளைவு கட்டுகிற எந்தக் கொத்தனாருக்கும் அந்தப் பயம் தெரியும்.

வளைவின் சூட்சுமம் அப்படி. கீழே மரச்சாரம் கட்டி, அதன்மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கற்களை அடுக்கிக்கொண்டு வருவார்கள். உச்சியில் கடைசிக் கல்லை இறக்கும் வரைக்கும் அது வெறும் பாரம், சாரம்தான் தாங்குகிறது. கடைசிக் கல் உட்கார்ந்து சாரம் பிரிந்த நொடியிலிருந்து ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கி நிற்கிறது. மேலே பாரம் சமமாக ஏறினால் நெருக்கம் கூடுமே தவிர, கல் லேசில் விலகாது. அந்த நெருக்கம் முழுவதும் இரண்டு கால்களில் போய் இறங்குகிறது. அதனால் வளைவுப் பாலத்துக்குச் சாவு பெரும்பாலும் மேலிருந்து வராது. கால் கொஞ்சம் இறங்கினாலோ நகர்ந்தாலோதான் ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மணலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மோஸ்தாரில் கற்களை இரும்புக் கொக்கிகளால் பிணைத்து, கொக்கி இறங்கிய துளைகளில் ஈயத்தை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் பழைய கல்கட்டு, செங்கல் கட்டு எல்லாம் சுண்ணாம்புக் காரையை நம்பியவை. கடுக்காய் ஊறல், கருப்பட்டிக் கரைசல் சேர்த்து, செக்கில் போட்டு அரைத்துப் பூசிய காரை. சிமெண்ட் போல அது விறைத்து நிற்காது, கட்டடம் லேசாக அசைந்தால் தானும் கொஞ்சம் கொடுக்கும். இன்றைக்குப் பழைய பாலங்களில் விரிசல் கண்ட இடத்திலெல்லாம் சிமெண்டை அப்பி விடுகிறார்களே, பார்க்கும்போது வயிறு எரிகிறது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லும் செங்கல்லும் உள்ளுக்குள்ளேயே உதிர ஆரம்பிக்கும். என் அப்புச்சி வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரு வயசான கொத்தனார் சொன்னது இது: "சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் கண்ணு மருந்து." வீட்டுக்குச் சொன்னது பாலத்துக்கும் பொருந்தும்.

சரி, மோஸ்தாருக்கு வருவோம். அந்தப் பாலம் 427 வருடம் நின்றது. எத்தனையோ வெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் தாங்கியது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளே அதன்மேல் போயிருக்கின்றன. அப்புறம் போஸ்னியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா நாடு உடைந்து, ஒரே ஊரில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கி தூக்கினார்கள். 1993 நவம்பர் 9ஆம் தேதி காலையில், போஸ்னியக் குரோவாசியர் படையின் பீரங்கிக் குண்டுகளால் அது உடைந்து ஆற்றில் விழுந்தது. விழுகிற காட்சி வீடியோவாக இருக்கிறது. ஒருமுறை பார்த்தேன், மறுபடி பார்க்க மனசு வரவில்லை.

அதன்பிறகு அந்த ஊர் செய்ததுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. கொஞ்ச காலத்துக்குக் கம்பி கட்டிய நடைபாலம் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஹங்கேரி ராணுவத்தின் நீர்மூழ்கி வீரர்கள் ஆற்றுக்குள் இறங்கிப் பழைய கற்களை மேலே கொண்டு வந்தார்கள். அந்தக் கற்கள் மறுபடி பாரம் தாங்கும் நிலையில் இல்லை. ஆகவே அதே வட்டாரத்தில் கிடைக்கும் அதே 'தெனேலியா' சுண்ணாம்புக் கல்லைப் புதிதாக வெட்டினார்கள். பழைய முறையிலேயே கல்லைச் செதுக்கி, கொக்கி போட்டு, ஈயம் ஊற்றினார்கள். யுனெஸ்கோ, உலக வங்கி, பல நாட்டு அரசுகள் கை கொடுத்தன. 2004 ஜூலை 23 அன்று பாலம் திறந்தது. மறு ஆண்டு, 2005இல், உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே 2005இல்தான் நம் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகிற நீலகிரி ரயிலும் அந்தப் பட்டியலில் இடம் பிடித்தது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. போக்குவரத்துக்காக அந்தப் பாலம் தேவைப்படவில்லை. வண்டி போக அந்த ஊரில் வேறு பாலங்கள் உண்டு. "அதான் புதுசு இருக்குதே" என்று அவர்களும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போரில் வீடிழந்து, சொந்தங்களை இழந்து நின்ற ஒரு ஊர், நாலு மீட்டர் அகலமுள்ள, கார்கூடப் போகாத ஒரு பாலத்தைத் திரும்பக் கேட்டது. கோடையில் இளவட்டங்கள் அதன் உச்சியிலிருந்து ஆற்றில் குதிக்கும் பழக்கம் பல தலைமுறையாக உண்டு, இன்றும் குதிக்கிறார்கள். கீழ்பவானி வாய்க்கால் பாலத்திலிருந்து தொபீரென்று குதித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தை விளக்க வேண்டியதில்லை.

பழைய பாலத்தை அப்படியே வைத்து பஸ், லாரி எல்லாம் விடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தில் மகாட் பக்கம் சாவித்திரி ஆற்றில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்துக் கல் வளைவுப் பாலம், மும்பை–கோவா நெடுஞ்சாலையில் இருந்தது. பக்கத்திலேயே புதுப் பாலமும் இருந்தது. ஆனாலும் பழையதிலும் கனரக வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெருவெள்ளத்தில் அது உடைந்து, இரண்டு அரசுப் பேருந்துகள் ஆற்றோடு போயின. பல உயிர்கள் போயின. இருட்டில் வந்த ஓட்டுநருக்கு முன்னால் சாலை இல்லை என்பதே தெரிந்திருக்காது. நெடுஞ்சாலைப் பாரத்தை ஏற்றிவிட்டுச் சரியாகக் கவனிக்காமல் இருப்பது ஒரு வகைத் தப்பு. பாரத்தை எடுத்துவிட்டு அடியோடு மறந்துபோவது இன்னொரு வகைத் தப்பு. திருச்சி கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்கு நடந்தது இரண்டாவது வகை. 2016இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து அதன் ஒரு பகுதி இடிந்தது.

ஹைதராபாத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. மூசி ஆற்றின்மேல் 1578இல் கோல்கொண்டாவை ஆண்ட குதுப்ஷாகிகள் கட்டிய பழைய பாலம் புரானா புல். 1908 செப்டம்பரில் மூசி பொங்கி ஊரையே அழித்தபோது மற்றப் பாலங்கள் போயின, இது அடிபட்டும் நின்றது. இன்றைக்குப் பெரிய வண்டிகள் அதன்மேல் போவதில்லை, காய்கறிக் கடைகள் போட்டிருக்கிறார்கள். கடை போடுவது சரியா என்று வாதிடலாம். ஆனால் மனிதர்கள் தினமும் நடக்கிற பாலத்தில் ஒரு கல் பெயர்ந்தால் அன்றைக்கே யாராவது பார்த்துச் சொல்வார்கள். இரண்டு முனையிலும் கல்லை நட்டு மூடிவிட்ட பாலத்தில் யார் பார்ப்பார்கள்?

எந்தப் பழைய பாலத்தையும் ஓரமாக நின்று பாருங்கள். பக்கச் சுவரில் அரசங்கன்றும் ஆலங்கன்றும் முளைத்திருக்கும். பறவை எச்சத்தில் வந்து விழுந்த விதை. கன்றாக இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். ஐந்தாறு வருடம் விட்டால் வேர் கல்லுக்கு நடுவில் இறங்கி நெம்பும், அதற்குப் பிறகு வெட்டினாலும் துளிர்க்கும். மேலே மழைத்தண்ணீர் வடியப் பழைய ஆட்கள் வைத்த துவாரங்கள் குப்பையிலும் தாரிலும் அடைந்து கிடக்கும். பழையதை வழித்து எடுக்காமலே தார்மேல் தார் போட்டுப் போட்டு, இடுப்புயரம் இருந்த கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்ட பாலங்கள் உண்டு. அத்தனை தாரும் பாலம் சுமக்கிற வீண் பாரம்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது மணல். முன்னால் சொன்னேனே, பாலத்தின் உயிர் காலில் இருக்கிறது. தூணின் அடியைச் சுற்றிப் போதுமான மணல் இருந்தால் வெள்ளம் அடித்தளத்தை லேசில் தொடாது. காவிரியிலும் அமராவதியிலும் மணல் எடுத்து எடுத்து ஆற்றுப்படுகை பள்ளமாகிப்போன கதை கொங்கில் யாருக்கும் புதிதில்லை. படுகை இறங்கினால் தூணின் அஸ்திவாரம் வெளியே தெரியும், அடுத்த வெள்ளம் அதன் அடியைத் தோண்டும். பழைய பாலத்துக்கு மட்டுமல்ல, நாம் பெருமையாகப் போய்வருகிற புதுப் பாலத்துக்கும் அதே ஆறுதான், அதே பள்ளம்தான்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். கன்று பிடுங்கவும் துவாரம் அடைப்பு எடுக்கவும் கோடிகள் வேண்டாம். வருடத்தில் இரண்டு முறை நாலு ஆட்களும் ஒரு ஏணியும் போதும். சுண்ணாம்புக் காரைக் கட்டு பார்க்கத் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து ஆடிக்கு முன்னால் ஒரு தடவை, வெள்ளம் வடிந்ததும் ஒரு தடவை தூணடியைப் பார்க்கச் சொன்னால் போதும். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று வைத்து, இரண்டு பக்கமும் விளக்குப் போட்டுவிட்டால், காலையில் நடக்க ஆற்றுக்காற்று வீசுகிற இடம் அதைவிட இந்த ஊர்களில் எங்கே கிடைக்கும்? ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணீர் பார்க்க வருகிற கூட்டம், வண்டிகள் பறக்கிற புதுப் பாலத்தின் ஓரத்தில் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் ஆற்றின்மேல் பழைய வளைவுப் பாலம் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் இறங்கி, தூணின் அடியைப் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். எந்த ஆறு, எந்த ஊர் என்று எழுதுங்கள். அடுத்த கிராமசபையிலோ நகராட்சிக் குறைகேட்பிலோ கையில் அந்தப் படத்தோடு பேசலாம்.