கால்கோள் சரி, கடைநிலை எங்கே?

கட்டடப் பணி தொடங்கும் அழைப்பிதழ்களில் ‘கால்கோள் விழா’ என்று பார்த்தால் எனக்குப் பிடிக்கும். ‘பூமி பூஜை’யில் இல்லாத ஒரு கம்பீரம் அதில் உண்டு. ஆனால் இந்தச் சொல்லைத் தூக்கிவந்தவர்கள் அதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா தொடங்கும்போது வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி ஊரறியச் சாற்றுகிறார்கள். ‘கால்கோள் விழவின் கடைநிலை சாற்றி’ என்கிறார் இளங்கோ. விழாவின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து அறிவித்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்வார்கள். எப்போது ஆரம்பம், எப்போது முடிவு, இரண்டும் ஒரே முரசில்!

தொல்காப்பியம் இன்னும் கறார். போரில் இறந்த வீரனுக்கு நடும் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகள். கால்கோள் இரண்டாவதுதான், அதற்கப்புறம் நான்கு பாக்கி. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்துக் காதைகளும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகின்றன. கண்ணகி சிலைக்காக இமயத்தில் கல்லை எடுத்த கையோடு மாலை மரியாதை வாங்கிக்கொண்டு சேர மன்னன் செங்குட்டுவன் ஊர் திரும்பியிருந்தால் கண்ணகிக்குக் கோயில் ஏது? தோற்ற வடநாட்டு மன்னர்கள் கனக விசயர் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டி, வஞ்சி வரை கொண்டுவந்து சேர்த்தான்.

கல்யாண வீட்டில் இன்றைக்கும் இது புரியும். மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டுப் பந்தக்கால் ஊன்றியாயிற்று என்றால், அது முகூர்த்த நாள் குறித்த பிறகுதான்.

அரசியலில்தான் கதை வேறு. சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2 அன்று மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். கடலைத் தோண்டிப் பணத்தைக் கொட்டியதோடு சரி, கப்பல் போகவில்லை. மதுரை தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27 அன்று மோடி அடிக்கல் நாட்டினார். மருத்துவமனை எழும்பாததால், 2021 தேர்தலில் ஒற்றைச் செங்கல்லை உதயநிதி ஊர் ஊராகத் தூக்கிக் காட்டினார். எந்தக் கட்சி என்பது எனக்கு இங்கே பிரச்சினையே இல்லை.

பளிங்குக் கல்வெட்டில் அமைச்சர் முதல் வார்டு உறுப்பினர் வரை அத்தனை பேருக்கும் இடம் இருக்கிறது. ‘பணி முடியும் நாள்’ என்று கூடுதலாக ஒரு வரி வெட்டினால் கல் உடைந்துவிடுமா? கால்கோள் என்று போடுகிறவர்கள் கடைநிலையையும் போடட்டும். முடியாதென்றால் பழையபடி பூமி பூஜை என்றே அச்சடித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.