வேடமிடுவது தப்பித்தல் அல்ல

காமிக்ஸ் விழாக்களுக்குக் கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வருவோர் நிஜ உலகிலிருந்து தப்பி ஓடுகிறவர்கள் என்றும், அதற்கு ஆகும் செலவு கவலை தருகிறது என்றும் ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர்களை ஓடுகிறவர்கள் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தொடக்கம் முதலே இது கைப்பட உருவாக்கும் கலை. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அமெரிக்க ரசிகர்களான ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்தி வந்தார்கள். அவ்வுடைகளைத் தைத்தவர் டக்ளஸ், பெயர் என்னவோ பெரும்பாலும் ஆக்கர்மனுக்கே போய்ச் சேர்ந்தது.

ரசிகர்கள் தாமே வெளியிடும் காமிக்ஸ் இதழ்களை விற்கும் விழாவாக 1975 டிசம்பரில் தொடங்கிய டோக்கியோவின் காமிக் மார்க்கெட்டில், விற்பவர், வாங்குபவர், தன்னார்வலர், வேடமிடுபவர் என எல்லோரும் பங்கேற்பாளர்களே, வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை என்பது அமைப்பாளர்களின் அடிப்படைக் கொள்கை. அங்கே வீட்டிலிருந்தே வேடத்தில் வர அனுமதியில்லை. அரங்கின் உடைமாற்றும் அறையில் அணிந்து, புறப்படும் முன் களைந்துவிட வேண்டும். நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவே இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்துக்கொள்பவர்களையா ஓடுகிறவர்கள் என்பது?

காமிக்ஸ் வாசிப்பு பெரும்பாலும் தனிமையில் நிகழ்வது. இரவெல்லாம் தைத்தும், நுரைத் தாளை வெட்டி ஒட்டிக் கவசம் செய்தும் ஒருவர் உருவாக்கிய பாத்திரத்தை, முன்பின் அறியாத இன்னொருவர் கூட்டத்தில் தொலைவிலிருந்தே அடையாளம் கண்டு, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும்போது, அந்தத் தனி இன்பத்துக்குத் துணை கிடைக்கிறது. செலவு குறித்த கட்டுரையாளரின் கவலை மட்டும் நியாயமானது; ஆயத்த உடைகளை விலைக்கு வாங்கி அணிவது பெருகினால், செய்து பார்ப்பதன் மகிழ்ச்சியில் பெரும்பகுதி போய்விடும்.