தட்டுக்கழியை வெளியே எடுங்கள்

மே மாதத்தில் மூன்று சனிக்கிழமைகள், சத்துவாச்சாரியில் ஒரு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில், சின்னப் பிள்ளைகளுக்குப் பரதநாட்டிய வகுப்பு எடுத்தேன். ஆடி இருக்கிறேன், மேடை ஏறி இருக்கிறேன், ஆனால் சொல்லித் தந்தது இதுதான் முதல் தடவை. எனக்குக் கற்றுத் தந்த மிஸ்ஸின் வீட்டில் பிரசவம். "நீ போய்ப் பாத்துக்கோம்மா, புதுசா எதுவும் வேணாம், தட்டடவு மட்டும் தட்டட்டும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். தட்டடவு என்றால் பாதத்தால் தரையைத் தட்டிப் பழகும் முதல் பாடம். அந்த மூன்று வாரத்தில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது: ஆரம்பப் பிள்ளைகளுக்குத் தாளச் சொல்லை ஸ்பீக்கரில் போடக்கூடாது, வாயால் சொல்லித் தர வேண்டும். நடனம் சொல்லித் தருகிறவர்களும் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோர்களும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் நாள் பதினேழு பிள்ளைகள். ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை. வேலூர் மே மாதம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, பகலில் 40 டிகிரியைத் தாண்டிய வெயில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் சிமெண்ட் தரையில் அப்படியே இருக்கும். நாலு மணிக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிள்ளைகளை இறக்கினேன்.

மிஸ் இரண்டு வருடமாக ஸ்பீக்கரில்தான் வகுப்பு நடத்துகிறார். வருடக்கணக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அடவுகளுக்கு, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவுகளுக்கு, யாரோ சொல்லிப் பதிவு செய்த சொல்லுக்கட்டை (தாளச் சொற்களை) அதில் போட்டுவிடுவார். அவர் நிலைமையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அன்றைக்கு அந்த ஸ்பீக்கர் பாதி வகுப்பில் நின்றுவிட்டது. சார்ஜ் போடலாம் என்றால் கரண்ட் இல்லை.

அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்த்து நின்று நான் வலது காலைத் தட்டினேன். பாதிப் பேர் வலது, பாதிப் பேர் இடது. "அக்கா, எந்தக் கால்?" என்று ஒரு பையன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எதிரே நின்று சொல்லித் தருகிறவர் கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும், பிள்ளைக்கு வலது என்றால் எனக்கு இடது. பதினாலு வருடம் ஆடிய உடம்பு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் தடுமாறியதைப் பார்த்துப் பிள்ளைகளும் தடுமாறின. ஸ்பீக்கர் மட்டும் யாருக்காகவும் நிற்காமல் 'தெய்யா தெய், தெய்யா தெய்' என்று போய்க்கொண்டே இருந்தது.

கடைசி வரிசையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு ஏழு வயதுப் பெண். அவள் கால் எப்போதும் அரைத் தட்டு பின்னால் விழுந்தது. முதலில் தாளம் பிடிபடாத பிள்ளை என்று நினைத்தேன். பக்கத்தில் போய் நின்று பார்த்தால், அவள் சொல்லைக் கேட்கவே இல்லை. முன்னால் நிற்கும் பெண்ணின் குதிகாலை மட்டும் பார்க்கிறாள். அது தூக்கினால் இவளும் தூக்குகிறாள், அது விழுந்தால் இவளும் போடுகிறாள். பார்த்துவிட்டுப் போடுகிற கால் பிந்தித்தான் விழும். ஆறு மாதமாக வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள், 'தெய்' என்ற சொல்லுக்கும் தன் காலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறாள்.

ஸ்பீக்கர் நின்றதும் அலமாரியைத் திறந்து மிஸ்ஸின் தட்டுக்கழியையும், அதைத் தட்டித் தாளம் போடும் கட்டையையும் எடுத்தேன். அந்தக் கட்டையின் நடுவில் ஒரு குழி உண்டு. இத்தனை வருடம் கழி விழுந்து விழுந்து தேய்ந்த குழி, என் கட்டை விரலை வைத்தால் பொருந்தும். நான் முதன்முதலாகத் தட்டடவு கற்றதும் அந்தக் கட்டையின் சத்தத்துக்குத்தான்.

எல்லோரையும் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னேன். கால் வேலையே இல்லை. முதலில் ஆதி தாளம், தொடையில் ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு, மொத்தம் எட்டு. அதன் மேல் வாயால் அந்தத் தாளச் சொற்கள். பத்து நிமிடம் இதே வேலை. பிறகு எழுப்பி, முட்டிகளைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் உட்கார வைத்து, நானே சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் கடைசி வரிசைக் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அது மேலே வரும் வரை 'தெய்...யா' என்று இழுத்துப் பிடித்தேன், வந்ததும் கழியைப் போட்டேன். நாலாவது சுற்றில் கழியும் அவள் பாதமும் ஒரே சத்தமாக விழுந்தன. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு முழுக்க அவள் முன்னால் இருந்த குதிகாலிலிருந்து கண்ணை எடுத்தது அப்போதுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். ஆரம்பப் பிள்ளைகள் வகுப்பில் பதிவு செய்த சொல்லுக்கட்டு வேண்டாம். வாயால் சொல்லுங்கள். தொண்டை முடியவில்லை என்றால் பெரிய மாணவி ஒருத்தியை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், அவளுக்கும் சொல்லும் தாளமும் போட்டு ஆட்டத்தை நடத்துகிற நட்டுவாங்கம் பழகும்.

இப்படி இழுத்துச் சொன்னால் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் சீரான வேகம், கெட்டுப்போகும் என்று ஒரு தோழி போனில் சண்டை போட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இழுப்பது, கால் சொல்லைக் கண்டுபிடிக்கும் வரைதான். கண்டுபிடித்துவிட்டால் காலத்தை ஒரு இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து நான் நகர மாட்டேன். இரண்டாம் காலம் அதில் இரட்டிப்பு, மூன்றாம் காலம் நாலு மடங்கு. இந்தக் கணக்கு பிள்ளையின் வாயில் ஏறாமல் காலில் ஏறாது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், வர்ணம், தில்லானா என்று இன்றைக்கு நாம் ஆடும் வரிசையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் என்ற நான்கு சகோதரர்களும் நட்டுவாங்கம் செய்யும் நட்டுவனார் குடும்பம்தான். சொல்லும் வாயும், தட்டும் கையும், ஆடுகிற காலைப் பார்க்கும் கண்ணும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் இந்தக் கலை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் பழைய வட ஆற்காட்டில் தெருக்கூத்து இல்லாத பக்கம் உண்டா? அணைக்கட்டுப் பக்கம் என் தாத்தா ஊரில், கூத்து வாத்தியார் களத்துமேட்டில் பையன்களுக்கு அடவு சொல்லித் தருவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மிருதங்கம், முகவீணை எல்லாம் கூத்து அன்றைக்குத்தான் வரும். பழகும்போது வாத்தியாரின் வாயும் கைத்தட்டலும் மட்டும்தான். ஒரு பையன் தவறவிட்டால் வாத்தியார் அதே சொல்லை அவன் காதுக்குப் பக்கத்தில் போய் மறுபடியும் சொல்வார்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரம், முன் வரிசைப் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று மூன்றாம் காலத்துக்குப் போய்விட்டேன். பாதிப் பேர் அரைமண்டியை விட்டு எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, முட்டியை முன்னால் விட்டுவிட்டார்கள். அரைமண்டி இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், முட்டி பாதம் பார்க்கிற பக்கமே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டும் முட்டியை முறுக்கும், அதுவும் சிமெண்ட் தரையில். உடனே நிறுத்திவிட்டேன். ஆனாலும் அடுத்த வாரம் ஒரு பாட்டி வந்து, "கால் நோவுதுன்னு ராத்திரி பூரா அழுதுச்சும்மா" என்று சொன்னபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளையைச் சுவரில் முதுகு ஒட்ட நிற்க வைத்து, அப்படியே இறக்கி, எட்டு எண்ணிக்கை உட்கார வைத்து எழுப்பினேன். அன்றைக்கு அவளுக்கு வகுப்பு அவ்வளவுதான்.

அதே பாட்டிதான் இன்னொன்றும் கேட்டார். "ஒரு மாசமா இதையேதான் தட்டினு கீதுங்க. ஒரு பாட்டு சொல்லிக் குடேம்மா, ஆண்டு விழா வருதில்ல." அவர் ஆசை எனக்குப் புரிகிறது. பேத்தியை மேடையில் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே. ஆனால் தட்டடவு ஏறாத காலில் பாட்டைப் போட்டால், பிள்ளை மறுபடி பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் ஆடும். இன்னும் ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன், இதைப் படிக்கிற பெற்றோர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து வகுப்பு நடக்கும்போது போனில் வீடியோ எடுக்காதீர்கள், பிள்ளையின் கண் அங்கே போய்விடுகிறது.

மிஸ் நேற்று போனில் பேசினார். நடந்ததை எல்லாம் சொன்னேன். குழியில் கழி சரியாக விழுகிறதா என்று மட்டும் கேட்டார். விழுகிறது மிஸ் என்றேன். அவர் திரும்பி வந்த பிறகும் சனிக்கிழமை வகுப்புக்கு நான்தான் சொல்லுச் சொல்லப் போகிறேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து கால்களைப் பார்த்துக்கொள்வார். இந்த வாரம் மறக்காமல் ஒரு பழைய சாக்குத் துணி எடுத்துப் போக வேண்டும். தட்டத் தட்ட, கட்டை சிமெண்ட் தரையில் நகர்ந்துகொண்டே இருக்கிறது.